நகையே தொழிலாக: கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

மெய்ப்பாடு எட்டினையும் எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை அதற்கு வகுத்தார். உரைகண்ட பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. முன்னது யார்க்கும் எளிது. பின்னது அரிது. அதிலும் ஒருவர் கூலிக்கு உழைக்கும் களத்தில், மேலோர் கீழோர் என்னும் படிநிலை இறுகிக் கிடக்கும் இடத்தில், அது மிக அரிது. அலுவலகமாயினும் ஆலையாயினும் நாடகக் கொட்டகையாயினும் சிரிப்பவனை வேலையில் கருத்தில்லாதவன் என்றே மேலிருப்போர் ஐயுறுவர். அத்தகைய களங்களிலேயே தம் வாழ்நாள் முழுவதையும் கழித்து, பேராசிரியர் கூறும் இரண்டாம்வகை எள்ளலைத் தம் தொழிற்கருவியாகவே ஆக்கிக்கொண்டவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் வரலாறு திரையில் அவர் செய்த வேடிக்கைகளின் பட்டியலாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. திரைக்கு இப்புறம், உடன் உழைத்தோரிடையே அவர் நகையை எவ்வாறு கையாண்டார் என்பதே ஈண்டு நோக்கப்படுவது.

திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் திருவிழாக்காலத்து இரவுகளில் வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகமாக நடைபெறக் கண்டோர்க்கு நகைச்சுவைக் கலைஞனின் தொழில் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தெய்வயானையை முருகன் மணந்த தலத்தின் எல்லையிலேயே வள்ளியை மணந்த கதை விடியவிடிய நடப்பதும் ஒரு சுவைதான். ராஜபார்ட் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரினர். ஆர்மோனியக்காரர் பிறிதோர் ஊரினர். ஒத்திகை என்பதே இல்லை. இவர்களெல்லாம் மேடையில் கூடுமுன் தனியே வந்து நின்று, கூட்டத்தை அமர்த்தி, தூக்கத்தைப் போக்கி, பின்வருவோர்க்குக் களம் அமைத்துக் கொடுப்பவர் பபூன். நாடகத்துள் ஒருவர் வரி மறந்தாலும், இருவர்க்குள் பாட்டில் போட்டி முற்றிப் பகையாக மாறினாலும், அதனை ஒரு சொல்லால் தணிப்பதும் அவர் கடனே. ஆயினும் சுவரொட்டியில் அவர் பெயர் பின்னுக்குத்தான் நிற்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த நாடக மரபில் நகைஞனுக்கு வாய்த்த இடம் இதுவே: இன்றியமையாதவன், எனினும் முதன்மை பெறாதவன். கிருஷ்ணன் தொழில் பழகியது இம்மரபின் கிளை ஒன்றில்தான்.

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் சுடலையாண்டிப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். குடும்பம் வறியது. பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. மளிகைக் கடையில் எடுபிடியாகவும், டென்னிஸ் ஆடுவோர்க்குப் பந்து பொறுக்கிக் கொடுப்பவராகவும், நாடகக் கொட்டகையில் சோடா விற்பவராகவும் இளமையிலேயே வேலைகள் பார்த்தார். இம்மூன்றும் ஒருவகையில் ஒத்தவை. மூன்றிலும் சிறுவன் ஒருவன் பெரியவர்களின் முகக்குறிப்பறிந்து நடந்தாக வேண்டும். அவர்கள் மகிழ்ந்தால் காலணா கூடும். முனிந்தால் அடி விழும். குமரி மாவட்டத்து மண்ணுக்கே உரிய வில்லுப்பாட்டும் அந்த வயதில் அவர் காதில் விழுந்து நெஞ்சில் தங்கியது. கதை சொல்பவர் ஒருவர், ஆமாம் போட்டு இடைமறித்துக் கேட்பவர் ஒருவர் என்ற அந்த அமைப்பு பின்னாளில் அவருடைய நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றின் உள்ளெலும்பாக அமைந்தது.

1925ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். தொடங்கியது திருவனந்தபுரத்தில்; பெயரில் நின்றதோ மதுரை. நாடகக் குழு என்றால் மதுரைப் பெயர் வேண்டும் என்ற காலம் அது. அச்சகோதரர்கள் முன்னர் இருந்ததும் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் 1918இல் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான். அப்புதிய குழுவில் கிருஷ்ணன் இளைஞராகச் சேர்ந்தார்.

பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அக்குழுக்களைக் கலைக்கூடங்கள் என்று மட்டும் எண்ணுதல் பிழையாகும். அவை தொழிற்கூடங்கள். பெற்றோர் கையெழுத்திட்டு ஒப்படைத்த சிறுவர்கள் அங்கே உண்டு, உறங்கி, பாடம் கேட்டு, இரவெல்லாம் நடித்தார்கள். ஊர் ஊராக மூட்டை கட்டினார்கள். தவறினால் பிரம்படி உண்டு. வசூல் குன்றினால் சோற்றிலும் அது தெரியும். தாய்முகம் காணாத பிள்ளைகள் ஐம்பது பேர் ஒரே கூரையின்கீழ்க் கிடக்கும் இடத்தில் துயரத்திற்குக் குறைவிராது. அங்கே ஒருவன் சிரிக்க வைக்கிறான் என்றால் அது பொழுதுபோக்கன்று. அந்தக் கூடத்தில் நாளைக்கும் எழுந்து வேலை செய்வதற்கான ஒரு பிடிமானம். கிருஷ்ணன் நகைச்சுவை வேடத்தோடு நில்லாமல் எந்த வேடத்திற்கு ஆள் குறைந்தாலும் அதனை ஏற்றுக் கட்டக்கூடியவராக இருந்தார். எவருடைய இடத்தையும் நிரப்பக்கூடியவன் எவர்க்கும் போட்டியாகத் தோன்றுவது இயல்பு. போட்டியாளனாக அன்றித் தோழனாகவே அவரை உடனிருந்தோர் கொண்டாடினர் என்பதற்கு டி. கே. சண்முகம் எழுதிய தன்வரலாற்று நூலான ‘எனது நாடக வாழ்க்கை’யில் அவரைப் பற்றி நிறைந்துள்ள பரிவே சான்று.

விடுதலைப் போராட்டக் காலத்தில் அக்குழு நடத்திய தேசபக்தி நாடகத்தில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாக அமைத்துப் பாடினார் கிருஷ்ணன். சுடலைமாடன் கதைக்கும் இசக்கியம்மன் கதைக்கும் கோயில் கொடையில் ஒலித்த வில், நாடக மேடை ஏறியது அவர் கையால். மரபுவடிவம் ஒன்றை எடுத்து, அதன் புனிதத்தைக் கேலி செய்யாமல், உள்ளீட்டை மட்டும் மாற்றிவிடும் உத்தியை அவர் அப்போதே கண்டுகொண்டார் எனலாம்.

பேசும்படம் வந்தது. டி. கே. எஸ். குழுவினர் நடித்த மேனகா 1935இல் வெளிவந்தது, இயக்கியவர் பி. கே. ராஜா சாண்டோ. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதி 1936இல் வந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் முதலில் திரையில் தோன்றியதும் அப்படத்தில்தான். அக்காலத்துத் திரைப்படப் பணிக்களம் எத்தகையது என்பதை இன்றைய வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள படப்பிடிப்பு நிலையம் 1934இல்தான் தோன்றியது. ஆகவே தமிழ்ப்படக் குழுவினர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் புனாவுக்கும் கூட்டமாகப் புகைவண்டி ஏறி மாதக்கணக்கில் தங்கினர். மொழி தெரியாத தொழிலாளர்கள், உடலுக்கு ஒவ்வாத உணவு, சுட்டெரிக்கும் விளக்குகள். இயக்குநரோ, டங்கனைப் போலத் தமிழறியாதவராக இருப்பார். அல்லது ராஜா சாண்டோவைப் போலக் கண்டிப்பிற்குப் பெயர் பெற்றவராக இருப்பார். இவ்விடத்தில் கிருஷ்ணனுக்கு வாய்த்த உரிமை வியப்பிற்குரியது. கதைப்பகுதியில் ஒரு சொல் மாறினாலும் பொறாத இயக்குநர்கள், நகைச்சுவைப் பகுதியை அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டனர்.

அந்த உரிமையை அவர் ஓர் அமைப்பாகவே வளர்த்தெடுத்தார். தமக்கெனச் சிறு குழு ஒன்றைக் கூட்டி, நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே கற்பித்து, உரையாடலும் பாட்டும் அமைத்து, நடித்து, ஒரு கிளைக்கதையாக முடித்துத் தயாரிப்பாளர்க்குத் தரும் முறையைக் கைக்கொண்டார். முதன்மைக் கதை சோழன் காலத்தில் நடக்கும். கிளைக்கதையோ நேற்றைய தெருவில் நடக்கும். திறனாய்வாளர் சிலர் இதனைக் கதைக்கட்டுக்கோப்பின் சிதைவு என்பர். அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தொழில்நோக்கில் பார்த்தால், மேடையில் பின்வரிசையில் நின்ற பபூன் தன் பகுதிக்குத் தானே ஆசிரியனாகவும் இயக்குநனாகவும் பொறுப்பாளனாகவும் உயர்ந்த நிகழ்ச்சி அது. அவருடன் உயர்ந்தோர் பலர். டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, காகா ராதாகிருஷ்ணன் முதலிய துணைநடிகர்களின் பெயர்களைத் தமிழகம் அறிந்துகொண்டது பெரிதும் அக்குழுவின் வாயிலாகவே. 1940இல் வந்த சகுந்தலையில் காளிதாசன் கண்ட மீனவனை விரித்து, கிருஷ்ணனும் துரைராஜும் செய்த சண்டைக்காட்சியில் சிரிப்பு எவரிடமிருந்து எழுகிறது என்று பிரித்துச் சொல்லவியலாது. தம்மினும் மற்றவர்க்குச் சிரிப்பு மிகுதியாகக் கிடைக்கும் காட்சியை எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். நகைச்சுவை நடிகர்கள் அனைவரிடமும் அத்துணிவு இருப்பதில்லை.

1936இல் வசந்தசேனா படப்பிடிப்பிற்காகப் புனா சென்ற குழுவில் திருச்சிப் பகுதியைச் சேர்ந்த டி. ஏ. மதுரமும் இருந்தார். புதிய இடம், புதிய மனிதர்கள். அவரிடத்தில் ஓர் அச்சம் இருந்திருக்கும். குழுவினர் அனைவரையும் தம் பேச்சாலும் பணிவிடையாலும் ஒரு குடும்பம்போல் ஆக்கிவைத்த கிருஷ்ணனிடம் அவர் மனம் சென்றது. அவ்வாண்டிலேயே இருவரும் மணந்தனர். கிருஷ்ணன் முன்னரே நாகம்மையை மணந்தவர் என்னும் செய்தி மதுரத்திற்குப் பின்னரே தெரியவந்தது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தை ஒரு வேடிக்கைபோலக் கடந்துசெல்கின்றனர். அது வேடிக்கையன்று. நகை அச்சத்தைப் போக்குவது போலவே உண்மையையும் மறைக்கவல்லது. அதன் விலையை இங்கே கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். பின்னாளில் குடும்பம் ஒருவாறு இணைந்து நின்றதற்கு அவர்களுடைய பெருந்தன்மையே காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

மதுரத்தின் கலைப்பங்கும் உரிய அளவில் பேசப்படவில்லை. கிருஷ்ணன் ஓர் அரைகுறை அறிவாளியாக வந்து நிற்பார். மதுரம் அவர் பேச்சை நம்பாதவராக எதிர்நிற்பார். கேள்வி அவருடையது; நேரக்கணக்கும் அவருடையதே. சிரிப்பு வெடிக்கும் நொடியை முடிவுசெய்வது கேட்பவரின் மௌனமே என்பதை நகைச்சுவை பயின்றோர் அறிவர். வில்லுப்பாட்டில் ஆமாம் போடுபவரின் இடத்திலிருந்து எதிர்வழக்குரைப்பவரின் இடத்திற்கு உயர்ந்தவர் மதுரம். அக்காலக் காட்சிகள் சிலவற்றில் மனைவியரின் பேதைமையைப் பொருளாகக் கொண்ட நகை உண்டு. இன்று காணும்போது அது உறுத்தும். உறுத்தும் காட்சிகளிலும் கடைசிச் சொல் பெரும்பாலும் மதுரத்திற்கே விடப்பட்டிருப்பது கருதத்தக்கது.

புராணங்களே படமாகிக் கொண்டிருந்த காலம் அது. அரிச்சந்திரனின் வாய்மையை உருகி உருகிப் பார்த்த மக்களுக்கு, பொய்யன்றி வேறு பேசாத சந்திரஹரியை 1941இல் திரையில் காட்டினார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. பெயரைத் தலைகீழாக்கிய மாத்திரத்தில் காவியம் முழுவதும் கவிழ்ந்துவிடுகிறது. ஆயினும் அரிச்சந்திரன் மீது மதிப்புடையோரும் அதனைக் கண்டு நகைத்தனர். சாடப்படுவது வாய்மையன்று, வாய்மையின் பெயரால் உலகில் நடக்கும் பொய்ம்மையே என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

1944இல் அனைத்தும் குலைந்தன. திரையுலகினர் மீது இழிசெய்திகளை எழுதிவந்த இதழாசிரியர் லட்சுமிகாந்தன் அவ்வாண்டு நவம்பரில் குத்துண்டு இறந்தார். டிசம்பரில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945 மே மாதத்தில் சான்றாயர் குழுவின் பெரும்பான்மை முடிபின்மேல் இருவர்க்கும் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டனில் பிரிவி கவுன்சில்வரை சென்று, மறுவிசாரணைக்குத் திரும்பி, வி. எல். எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலையாயினர். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு.

அக்காலத்தில் அவருடைய பணிக்களத்தைக் காத்தவர் மதுரம். வழக்குச் செலவு ஒருபுறம். வேலையிழந்து நின்ற குழுவினர் மறுபுறம். என். எஸ். கே. நாடக சபையை எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் நடத்தினார். அச்சபையின் பைத்தியக்காரன் நாடகம் திரைப்படமாயிற்று. படம் முடியும் நிலையில் கிருஷ்ணன் விடுதலையாகி வர, அவருக்கென ஒரு வேடம் அமைத்துச் சேர்த்தனர். 1947இல் அது வெளிவந்தது. சிறையிலிருந்து மீண்ட ஒருவர் முதன்முதல் மக்கள்முன் தோன்றும்போது சிரிப்பார்களா, விலகுவார்களா என்ற அச்சம் யார்க்கும் இருக்கும். மக்கள் சிரித்தனர். பாகவதர் நிலை வேறாயிற்று. ஈடற்ற அக்குரலுக்குச் சிறைக்குப் பின் பழைய வெற்றி திரும்பவில்லை. காதல் நாயகனின் பெருமை களங்கம்படாத ஓர் ஒளிவட்டத்தைச் சார்ந்தது. நகைஞனுக்கோ ஒளிவட்டம் என்று ஒன்று முதலிலிருந்தே இல்லை. விழுந்தெழுவதே அவன் தொழில். பேராசிரியர் உரைத்த இரண்டாம்வகை எள்ளல் அவரைக் காத்து நின்றது. அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் கலைவாணர் என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கினார்.

கவிஞர்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்கத்தக்கது கலைவாணர்க்கும் உடுமலை நாராயணகவிக்கும் இருந்த உறவு. பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயணகவி நாடக மரபில் ஊறியவர். பகுத்தறிவு இயக்கத்தின்பால் ஈடுபாடு கொண்டவர். ஒருவர் பொருளைச் சொல்ல, மற்றவர் யாப்பில் வார்க்க, பின் இருவருமாக மேடையில் எடுபடும்படி செதுக்கும் கூட்டுத் தொழில் அது. அவ்வகையில் தலையாயது கிந்தனார் காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனாரைத் தில்லைக்கு அனுப்பினார். இவர்கள் கிந்தனைப் பட்டணத்துக்கு அனுப்பினர். நந்தனுக்குத் தெய்வ தரிசன வேட்கை. கிந்தனுக்குக் கல்வி வேட்கை. தீண்டாமை என்னும் கொடுமையால் பள்ளியில் இடம்பெறாத சிறுவன் புகைவண்டி ஏறி நகரம் சென்று படித்து உயர்கிறான். அப்புகைவண்டியில் சாதி பார்த்து இருக்கை இல்லை. பயணச்சீட்டு ஒன்றே தகுதி. பாகவதர் கோலம், சிப்ளாக்கட்டை, பின்பாட்டு, இடையிடையே விளக்கம் என்று அரிகதைக்குரிய ஒவ்வோர் உறுப்பும் அங்கே அமைந்திருக்கும். வடிவத்தைக் கேலி செய்ததாக எவரும் சொல்லவியலாது; அத்துணைத் துல்லியம். அந்தத் துல்லியத்தினால்தான் உள்ளிருக்கும் மாற்றம் சுட்டது.

கிந்தனார் இடம்பெற்ற நல்லதம்பி 1949இல் வெளிவந்தது. ஃபிராங்க் காப்ரா என்னும் அமெரிக்க இயக்குநரின் 1936ஆம் ஆண்டுப் படம் ஒன்றைத் தழுவியது, இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. அண்ணாவின் கதை உரையாடலில் வந்த முதற்படமும் இதுவே. பெருஞ்செல்வம் எதிர்பாராது வந்தடையும் எளிய மனிதன் அதனை ஊருக்கே வழங்க முற்படும் கதை. மதுவிலக்கும், அறிவியலை வீட்டு அடுக்களைவரை கொண்டுவர வேண்டும் என்னும் கனவும் அப்படத்தில் பாட்டாயின. அடுக்களை வேலை குறைய வேண்டும் என்று ஒரு திரைப்பாட்டு அந்நாளிலேயே எழுந்தது மகளிர்க்கு ஒரு சிறு நற்செய்திதான்.

தாமே தலைமையேற்ற படங்களில் கலைவாணரின் பணிக்கள நகை வேறொரு நிலையை அடைந்தது. 1951இல் அவர் தயாரித்து இயக்கிய மணமகளில் கதாநாயகியாக நடித்தவர் பத்மினி. 1952இல் இயக்கிய பணத்தில் நடித்தவர் பராசக்தியால் புகழ்பெற்ற சிவாஜி கணேசன். இரண்டுக்கும் எழுத்து மு. கருணாநிதி. அனைவரும் அன்று இளையோர். பணம் படத்தின் இசை குறித்துத் திரையிசைத் துறையினர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்று உண்டு. இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் 1952இல் மறைந்தபின் அவர் குழுவிலிருந்த இராமமூர்த்தியும் விசுவநாதனும் சேர்ந்து பணியாற்ற நேர்ந்தது. இராமமூர்த்தி மூத்தவர், விசுவநாதன் இளையவர். எவர் பெயர் முன்னே வருவது? இத்தகைய வினாவினால் உடைந்த குழுக்கள் தமிழகத்தில் எத்தனையோ. இளையவன் முன்னே செல்லட்டும், அவன் தடுக்கி விழுந்தால் மூத்தவர் பின்னிருந்து தாங்கிக்கொள்வார் என்னும் கருத்துப்படக் கலைவாணர் வேடிக்கையாகச் சொல்லி விசுவநாதன்–இராமமூர்த்தி என்று வரிசைப்படுத்தினார் என்பர். மூத்தவர்க்குப் பின்னிடம் தந்ததும் அவரே. அப்பின்னிடத்தை மூப்பிற்குரிய பெருமையாக மாற்றியதும் அவரே. ஆணையிட்டிருந்தால் ஒருவர் உள்ளம் புண்பட்டிருக்கும். அக்கூட்டு 1960களின் நடுப்பகுதிவரை நிலைத்தது.

அதே படத்தில் தணிக்கை என்னும் மேலதிகாரத்தை அவர் எதிர்கொண்ட முறையும் நினைக்கத்தக்கது. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் பெயரைத் திரையில் வெளிப்படையாகப் போற்றுதல் எளிதாயிராத காலம். கழகப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் கொண்டு ஒரு பாட்டு வந்தது. விரித்துக் கேட்டாலோ அது திருக்குறளின் பெயரால் அமைந்த ஒரு கழகம். வள்ளுவரை வெட்டும் துணிவு எந்தத் தணிக்கையாளர்க்கும் வாராது. காளமேகத்தின் சிலேடை மரபு திரைப்படச் சுருளுக்குள் புகுந்த இடம் இது.

கலைவாணரை ஒரு கட்சியின் வேலிக்குள் அடைத்துவிடவும் இயலாது. நாகர்கோவிலில் காந்தியடிகளுக்குத் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பியவர் அவர். 1951இல் சோவியத் நாடு சென்று வந்து அங்குக் கண்டவற்றை மக்களுக்கு எடுத்துரைத்தவரும் அவர். சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைக் கண்டெடுத்து, காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதச் செய்து, அக்கலைக்கு அடுத்த தலைமுறையைத் தந்தவரும் அவரே. 1956இல் வந்த ராஜா ராணியில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டிப் பாடிய பாட்டு, மெய்ப்பாட்டியலுக்கு ஒரு திரையுரை என்றே கூறத்தகும். அதிகாரச் சிரிப்பும் அடிமைச் சிரிப்பும் வேறுவேறு என்பதை அவர் முகம் விளக்கிய அளவுக்கு உரைநூல்கள் விளக்கவில்லை.

கொடையால் கை வெறுமையாயிற்று. வருமானவரி அலுவலர் ஒருவர் அவர் கணக்கில் தருமம் என்று எழுதப்பட்டிருந்த தொகைகளை நம்பாமல், முகமறியாத ஏழைபோல் உதவி கேட்டுச் சோதித்தார் என்றும், உடனே உதவி வரக்கண்டு வியந்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. கதை எவ்வாறாயினும், கணக்கு எழுதுவோர்க்குக் கலைவாணர் பெருந்தொல்லை கொடுத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டார். எதிர்த்து நின்ற காங்கிரசு வேட்பாளர் ஊரார் மதிக்கும் மருத்துவர். அண்ணாவுக்கு வாக்குக் கேட்க வந்த கலைவாணர் பேச்சு முழுவதும் அம்மருத்துவரையே புகழ்ந்தார். கைராசிக்காரர், ஏழைகளிடம் இரக்கமுள்ளவர், இரவிலும் எழுந்துவந்து பார்ப்பவர் என்று அடுக்கிச் சென்றார். கூட்டத்தினர் திகைத்தனர். இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் காஞ்சியில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது, ஆகவே அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தார். எதிராளியின் மதிப்பில் ஒரு துகளும் குறையவில்லை. அண்ணா வென்றார்.

அத்தேர்தல் முடிந்த சில மாதங்களில் நோய் முற்றியது. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னையில் கலைவாணர் மறைந்தார். அகவை நாற்பத்தொன்பதும் நிரம்பவில்லை. அவர் நடித்த அம்பிகாபதி அதன் பின்னரே திரைக்கு வந்தது. 1937இல் பாகவதர் நடித்த பழைய அம்பிகாபதியிலும் நடித்தவர் அவர். மதுரம் மேலும் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து 1974இல் காலமானார்.

சென்னை தியாகராய நகரில் கலைவாணர்க்குச் சிலை எழுப்பப்பட்டது. 1969 சனவரி 14, பொங்கல் நாள். முதலமைச்சர் அண்ணா புற்றுநோயால் தளர்ந்திருந்தார். எனினும் வந்து தம் நண்பரின் சிலையைத் திறந்துவைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே.